வேலையை விட்டால் அடி நின்றுவிடுமா?

திருகோணமலை நகரத்துக்கு வடக்கே, கடலோரக் கிராமம் ஒன்றில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்விகள் அவருடையவை.

வயது 34. திருமணமாகி ஒன்பது வருடம். எட்டு வயதில் மகள், நாலு வயதில் மகன். கணவர் கடல் தொழில் செய்கிறார். ஒரு படகில் பங்கு இருக்கிறது. குடியிருப்பது இவருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. தாயார் அதே வளவுக்குள் பின்பக்கம் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் இவருக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் கிடைத்தது. "அதற்கு முதலும் கை நீட்டுவார். வேலை கிடைத்த பிறகுதான் கூடிப்போனது" என்று எழுதுகிறார். சம்பளம் விழும் வங்கி அட்டை கணவரிடம் இருக்கிறது. இரவில் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கந்தோர் விட்டு வரும்போது பஸ் பிந்தினால் யாரோடு நின்றாய் என்று கேட்பார். சோறு ஆறினாலும் அடி, சூடாக இருந்தாலும் அடி.

அண்மையில் புதிய எஞ்சின் வாங்குவதற்காக வீட்டு உறுதியை ஈடு வைக்கக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். இவர் மறுத்த இரவு கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறார். காலையில் கழுத்தில் அடையாளம் ஒன்றும் தெரியவில்லை. அதனால் இவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

முன்பு ஒருமுறை பொலிசுக்குப் போயிருக்கிறார். அங்கே இருவரையும் உட்கார வைத்து ஒரு கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். "இனி அடிக்க மாட்டேன்" என்று கணவர் கையெழுத்து. "இனி வாய் காட்ட மாட்டேன்" என்று இவர் கையெழுத்து.

தாயார் சொல்வது: அடிக்கிற கைதான் அணைக்கும், பிள்ளைகளுக்காகப் பொறு, வேலையை விட்டுவிடு, எல்லாம் சரியாகும். மாமியார் சொல்வது: 2006இல் இடம்பெயர்ந்து முகாம் முகாமாகத் திரிந்த பிள்ளை, பட்ட பாட்டில் இப்படி ஆகிவிட்டான். சகோதரி கேட்பது நாலு கேள்வி. வேலையை விடட்டுமா? வழக்கு என்று போனால் அவர் மறியலுக்குப் போய்விடுவாரா? நான் வெளிக்கிட்டால் வீடும் பிள்ளைகளும் என் கையை விட்டுப் போய்விடுமா? கடைசியாக ஒரு வரி: "அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மகள் டிவியை நிற்பாட்டிவிட்டுத் தம்பியின் வாயைப் பொத்துகிறாள். இது பிள்ளையைப் பாதிக்குமா?"

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கழுத்து

கழுத்தை நெரித்ததை நீங்கள் கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். அந்த வரியில் என்னால் நகர முடியவில்லை. அறைவதும் தள்ளுவதும் கொடுமைதான். ஆனால் கழுத்தில் கை வைப்பது வேறு தரம். கணவனால் கொல்லப்பட்ட பெண்களின் கதைகளை ஆராய்ந்தவர்கள், கொலைக்கு முந்திய அறிகுறிகளில் மிகப் பாரதூரமான ஒன்றாக இதைக் குறிக்கிறார்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கரகரப்பது, விழுங்கும்போது நோவது, தலைச்சுற்று, கண்ணில் சிவப்புப் புள்ளி, அந்த நேரத்தில் சிறுநீர் தன்னால் போனது, கொஞ்ச நேரம் நினைவு தப்பியது, இவற்றில் ஏதாவது இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள் கடந்திருந்தாலும், அரச ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்ல வேண்டாம். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து எழுதும் அறிக்கை பிறகு உங்களுக்குத் தேவைப்படும். அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இப்படி வருகிற பெண்களுக்கென்று மித்துரு பியச, தமிழில் நட்பு நிலையம், என்ற பிரிவு இயங்குகிறது. அங்கே தனியாக இருந்து கதைக்கலாம். என்ன செய்வது என்று அந்த நிமிடமே முடிவெடுக்கச் சொல்லி யாரும் நெருக்க மாட்டார்கள்.

இன்னொரு முறை அவருடைய கை கழுத்துப் பக்கம் வந்தால், அந்த இரவு அந்த வீட்டில் படுக்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள். நியாயம் பிறகு கதைக்கலாம்.

வேலைதான் காரணமா?

வேலை கிடைத்த பிறகு அடி கூடியது என்று நீங்கள் கவனித்தது சரி. அதிலிருந்து நீங்களும் அம்மாவும் எடுத்த முடிவுதான் பிழை.

குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையைச் சமூகவியலாளர்கள் நெடுங்காலம் கவனிக்கவே இல்லை. அது மனநோயாளியின் செயல், அல்லது தனிப்பட்ட தகராறு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1971இல் வில்லியம் குட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். குடும்பத்தில் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதற்குப் பணம், படிப்பு, மதிப்பு, அன்பு என்று பல வளங்கள் பின்னால் இருக்கின்றன. இவை கையில் குறைந்தவர், தான் மேலே நிற்க வேண்டும் என்றும் நினைத்தால், கடைசி வளமாகக் கையை ஓங்குகிறார். மாரி மாதங்களில் உங்கள் பக்கம் கடல் கொந்தளிக்கிறது. படகு கரையில் கிடக்கிறது. வீட்டுக்கு வருவது உங்கள் சம்பளம் மட்டும். அந்த மாதங்களில் அடி கூடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குட் சொன்னதோடு இது அப்படியே பொருந்துகிறது.

ஆனால் அவருடைய கருத்தில் இருக்கும் இரண்டாவது பாதியை விட்டுவிடக் கூடாது. மனைவி கூடச் சம்பாதிக்கும் எல்லா வீட்டிலும் அடி விழுவதில்லை. உங்கள் கந்தோரிலேயே அப்படி எத்தனையோ பேர் நிம்மதியாக இருப்பார்கள். தான் மேலே இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிற ஆணுடைய வீட்டில்தான் மனைவியின் சம்பளம் குற்றமாகிறது. வேலையை விட்டால் சம்பளம் போகும். அந்த நினைப்பு போகாது. வேலைக்கு முதலும் கை நீட்டினார் என்று நீங்கள் எழுதியிருப்பதே இதற்குச் சாட்சி. அப்போது காரணம் சோறு, மாமியார், கதைத்த விதம் என்று இருந்திருக்கும். 1970களில் ஸ்கொட்லாந்தில் றெபெக்கா டோபாஷ், றஸ்ஸல் டோபாஷ் என்ற இருவர் அடிபட்ட மனைவிமாரைச் சந்தித்து விரிவாகக் கேட்டார்கள். அடி தொடங்கிய இடங்களாக அந்தப் பெண்கள் சொன்னவற்றில் முன்னால் நின்றவை சந்தேகம், வீட்டுவேலையும் சாப்பாடும், பணம். உங்கள் கடிதத்தில் இருப்பதும் இதே மூன்றும்தான். கடல் கடந்த ஊர், வேறு மொழி, வேறு சமயம். பட்டியல் மட்டும் ஒன்று.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. வேலையை விடாதீர்கள். ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம் உங்களை நாலு பேர் பார்க்கிறார்கள். ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அந்தப் பாதுகாப்பையும் மாதச் சம்பளத்தையும் சேர்த்து இழந்துவிட்டு வீட்டுக்குள் இருந்தால், அடுத்த அடியை யார் அறிவார்கள்?

குடி, சண்டைக் காலம், கோபம்

குடித்தால்தான் இப்படி என்கிறீர்கள். மாமியார் சண்டைக் காலத்தைச் சொல்கிறார். இரண்டையும் நான் தட்டிவிடவில்லை. மூதூர்ப் பக்கத்திலிருந்து 2006இல் வெளிக்கிட்ட சனம் பட்டதை நேரில் கேட்டவள் நான். அந்த வயதில் அதைக் கண்ட ஒரு பையனுக்கு உள்ளே காயம் இருக்கும். அதற்கு வைத்தியம் இருக்கிறது. அவர் போய்ப் பெற வேண்டும். குடியும் ஆபத்தைக் கூட்டும் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். குடித்துவிட்டுக் கரையில் மற்றப் படகுக்காரரோடு அவர் இருக்கிறாரே, அங்கே யாரையாவது கழுத்தைப் பிடித்தாரா? மீன் எடுக்கிற முதலாளி விலையைக் குறைத்தபோது அவரை அறைந்தாரா? சண்டைக் காலத்து நினைவு சரியாக வீட்டுப் படலையைத் தாண்டிய பிறகுதான் வருமா? உங்களை அடிக்கும்போதுகூட முகத்தில் அடிப்பதில்லை, சேலை மூடும் இடத்தில்தான் அடிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே அடிக்க வேண்டும் என்று தெரிகிற ஒருவர் தன்னை மறந்து அடிக்கவில்லை.

மைக்கல் ஜோன்சன் என்ற சமூகவியலாளர் 1995இல், தம்பதிகளுக்குள் நடக்கும் வன்முறை எல்லாம் ஒரே வகை இல்லை என்று பிரித்துக் காட்டினார். சில வீடுகளில் ஒரு வாக்குவாதம் முற்றி, யாரோ ஒருவர் கை ஓங்கி, பிறகு இருவருமே வெட்கப்படுவார்கள். வேறு சில வீடுகளில் அடி என்பது பெரியதொரு கட்டுப்பாட்டின் ஒரு பகுதி மட்டும். பணம், போன், நேரம், தாய்வீடு, சிநேகிதிகள் என்று எல்லாவற்றிலும் ஒருவருடைய கை இருக்கும். 2007இல் இவான் ஸ்டார்க் என்ற ஆய்வாளர் இந்த இரண்டாவது வகையை இன்னும் விரிவாக எழுதினார். அடி விழாத நாட்களிலும் அந்தப் பெண் சுதந்திரமாக இல்லை என்பதை அழுத்திச் சொன்னவர் அவர். வங்கி அட்டை, இரவில் போன், பஸ் பிந்திய கணக்கு, உறுதியில் கையெழுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். உங்கள் வீடு எந்த வகை என்று உங்களுக்கே தெரியும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் வகை வீட்டில் இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைக்கலாம். மாமா, கோயில் பெரியவர், ஆலோசகர் யாராவது உதவக்கூடும். இரண்டாவது வகையில் அந்தக் கூட்டம் ஆபத்து. அவருக்கு முன்னால் நீங்கள் உண்மையைச் சொன்னால் இரவில் அதற்குக் கணக்குத் தீர்க்கப்படும். சொல்லாவிட்டால் "இரண்டு பக்கமும் பிழை" என்று எழுதி முடிப்பார்கள். பொலிசில் நடந்தது இதுதான். அடித்தவரும் அடிபட்டவரும் சமமான இரண்டு கட்சிக்காரர்களாக்கப்பட்டார்கள். உங்கள் பேச்சும் அவருடைய அடியும் ஒரே தாளில் ஒரே எடையில் ஏறின. அந்தத் தாளுக்கு நீங்கள் கட்டுப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாய் திறப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. அந்தக் கையெழுத்து நீங்கள் மறுபடி முறையிடுவதைத் தடுக்காது. சொல்லப்போனால், அடித்ததை அவர் ஒப்புக்கொண்டதற்கு அது ஓர் ஆதாரம். பிரதி கிடைக்குமானால் எடுத்து வையுங்கள்.

"ஏன் எனக்கு மட்டும்" என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்களின் நலன் பற்றிய ஆய்வில், கணவனோடு அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர், வாழ்நாளில் ஒருமுறையாவது அவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஒழுங்கையில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது

வழக்கு என்றதும் மறியல், விவாகரத்து, பேப்பரில் பெயர் என்றெல்லாம் பயப்படுகிறீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்படிப்பட்டது இல்லை. அது தண்டிக்கும் சட்டத்தைவிடத் தடுக்கும் சட்டம். நீங்கள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்கள் சார்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். அவசரம் என்று நீதவான் கண்டால் 14 நாள் வரை செல்லும் இடைக்காலக் கட்டளை தருவார். விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை தரலாம். கட்டளை பிறந்ததற்காக உங்கள் கணவர் குற்றவாளி ஆவதில்லை, மறியலுக்கும் போவதில்லை. இந்தச் சட்டத்தின் கீழ், கட்டளையை மீறினால்தான் குற்றம். அதற்கு 10,000 ரூபா வரை தண்டமோ, ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே மறியலுக்குப் போவதும் போகாததும் அதன் பிறகு அவருடைய நடத்தையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை.

காயம் இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்பதும் சரியில்லை. கடுமையான முறையில் தொடர்ந்து இழிவுபடுத்துவதும் கொடுமையாக நடத்துவதும் இந்தச் சட்டத்தின்படி வன்முறையே. மிரட்டலும் அப்படியே. கணவர் மட்டுமல்ல, கணவரின் தாய், சகோதரர் போன்றவர்களுக்கு எதிராகவும் கட்டளை கேட்க முடியும்.

அடுத்தது வீடு. இதில் நீங்கள் நினைத்திருப்பதற்கு நேர் எதிர்தான் உண்மை. கட்டளையின் மூலம், நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் அவர் வரக் கூடாது என்று நீதிமன்றம் தடுக்கலாம். உங்கள் கந்தோருக்கு வரக் கூடாது, தொடர்பு கொள்ளக் கூடாது என்றும் சொல்லலாம். பிள்ளைகளுடைய நலனுக்குத் தேவையென்றால் அவர்களைச் சந்திப்பதற்கு நிபந்தனை வைக்கலாம். அவருக்கு ஆலோசனைக்குப் போகும்படியும் உத்தரவிடலாம். உறுதி உங்கள் பேரில், அம்மாவின் சீவிய உரித்தோடு, அதாவது அவர் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையோடு, இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த வளவில் மிகவும் உறுதியாகக் கால் ஊன்றி நிற்பவர்கள் நீங்களும் அம்மாவும்தான்.

எங்கள் கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வீடு பெண்ணுடையது, சொல் ஆணுடையது என்று அந்த வழக்கத்தை நாங்கள் பழுதாக்கி வைத்திருக்கிறோம். சுனாமிக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டங்களில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பேரை எழுதி, பெண்ணிடம் இருந்ததையும் மாற்றிய இடங்கள் உண்டு. சொத்து எவ்வளவு பெரிய காப்பு என்பதற்கு நல்லதோர் ஆய்வு இருக்கிறது. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005இல் வெளியிட்டது. காணியோ வீடோ இல்லாத மனைவிமாரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கணவனிடம் உடல்வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். காணி, வீடு இரண்டும் சொந்தமாக இருந்தவர்களில் அது சுமார் நூற்றுக்கு ஏழு. சொத்து இருந்தும் நீங்கள் அடிபடுகிறீர்கள், உண்மைதான். ஆனாலும் வெளியே போகச் சொல்ல முடியாத ஒரு கூரை உங்களிடம் இருக்கிறது. அவர் அந்த உறுதியைக் கேட்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். எஞ்சினுக்குக் கடன் எடுக்க வேறு வழிகள் இருக்கின்றன. கையெழுத்து வைக்காதீர்கள். "அம்மாவுக்கு உரித்து இருக்கிறதாம், சட்டத்தரணியைக் கேட்க வேண்டுமாம்" என்று நாளைக் கடத்துங்கள். முகத்துக்கு நேரே மறுத்து இன்னோர் இரவை வரவழைக்க வேண்டாம். இரண்டு குடும்பத்தில் ஏதாவது ஒன்று யாழ்ப்பாணப் பூர்வீகம் என்றால் யாழ்ப்பாணத் தமிழருக்கென்று சொத்து விஷயத்தில் இருக்கும் தேசவழமைச் சட்டம் குறுக்கே வரலாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் உறுதியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

"வெளிக்கிட்டால் கைவிட்டுப் போனவள் என்று என் மேல் பழி வரும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இலங்கைப் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குக் கொடுமை என்று தனிக் காரணம் இல்லை என்பது உண்மை. வேற்றொருவரோடு உறவு, தீய எண்ணத்தோடு கைவிடல், தீராத ஆண்மைக் குறைவு, இந்த மூன்றுதான். ஆனால் ஒருவருடைய கொடுமை தாங்காமல் மற்றவர் வெளியேறினால், கைவிட்டவர் கொடுமை செய்தவரே என்று எங்கள் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்கின்றன. பிள்ளைகள் விஷயத்தில் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. உயிருக்குப் பயந்து பிள்ளைகளோடு அம்மா வீட்டிலோ சிநேகிதி வீட்டிலோ தங்கிய தாயிடமிருந்து அதற்காக மட்டும் பிள்ளைகளைப் பறிக்க மாட்டார்கள். பராமரிப்புப் பணம் வேண்டுமானால் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி அதே நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்கு விவாகரத்து ஆகியிருக்கத் தேவையில்லை.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் சொல்லாமல் சொன்ன ஒன்று இருக்கிறது, எனக்கு விளங்கியது. கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துவதை எங்கள் தண்டனைச் சட்டக் கோவை, நீதிமன்றம் இருவரையும் பிரித்து வைத்திருந்தால் தவிர, பாலியல் வல்லுறவாகக் கொள்வதில்லை. இது எனக்கு ஆறாத கோபம் தரும் விஷயம். ஆனால் அந்த நேரத்தில் நடக்கும் அடியும் காயமும் மிரட்டலும் குற்றங்களே. ஆலோசகரிடமும் வைத்தியரிடமும் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

எந்த ஒழுங்கில் செய்வது

விட்டுவிட்டு வா என்று எழுதுவது எனக்குச் சுலபம். ஆனால் பெண் விலகிப் போகத் தொடங்குகிற காலம்தான் மிக ஆபத்தான காலம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. கட்டுப்பாடு கையை விட்டு நழுவுவதைத்தான் அப்படிப்பட்டவரால் தாங்க முடிவதில்லை. ஆகவே கோபத்தில் "நாளைக்கே பொலிசுக்குப் போகிறேன்" என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சம்பளத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதும் நல்லதுதான். ஆனால் அதை முதல் வேலையாகச் செய்தால் அந்த மாதம் 25ஆம் திகதியே அவருக்குத் தெரிந்துவிடும். பாதுகாப்பு ஏற்பாடு முடிந்த பிறகு செய்யுங்கள்.

முதலில், யாருக்கும் சொல்லாமல், ஒரு கந்தோர் நாளில் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ உளவளத்துணை உத்தியோகத்தரையோ சந்தியுங்கள். நீங்கள் அரச உத்தியோகத்தர், அவர்கள் தெரிந்தவர்களாக இருப்பார்கள், அதுதான் கூச்சம் என்று விளங்குகிறது. அப்படியானால் 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு நேரே போங்கள். உங்கள் அடையாள அட்டை, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உறுதியின் பிரதி, நியமனக் கடிதம், கொஞ்சக் காசு, இவற்றைச் சிறிது சிறிதாகக் கந்தோர் அலுமாரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். காயத்தின் படம் எடுத்தால் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். ஆபத்துக்கு அடையாளமாக ஒரு வார்த்தையை அம்மாவோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது காதில் விழுந்தால் அவர் பொலிசின் அவசர இலக்கமான 119க்கு அழைக்க வேண்டும், நியாயம் கேட்க உள்ளே வரக் கூடாது.

பொலிசுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். பெண்கள் சிறுவர் பிரிவில் முறையிடுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதியதை வாசித்து, கழுத்தை நெரித்தது அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வர வேண்டாம். மறுபடியும் சமாதானக் கடிதம் நீட்டினால், "எனக்குப் பாதுகாப்புக் கட்டளை வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அம்மாவைக் கோபிக்காதீர்கள். புருஷன் இல்லாத வீட்டை ஊர் எப்படிக் கதைக்கும் என்பது அவர் வயதுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்திலிருந்துதான் பொறு என்கிறார். கழுத்தை நெரித்ததை அவரிடம் சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லுங்கள். பிறகும் அவர் அதே பதிலைச் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மகள்

ஆம், பாதிக்கிறது. பிள்ளைகள் நித்திரை என்று நாங்கள் நினைக்கிற நேரத்திலும் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எட்டு வயதில் அவள் வீட்டின் காவல்காரியாகிவிட்டாள். மோட்டார் சைக்கிள் எஞ்சின் சத்தத்தை வைத்தே அன்றைய இரவைக் கணிக்கிறாள். தம்பி அழுதால் அம்மாவுக்கு அடி விழும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். வகுப்பில் கவனம் குறைவது, வயிற்றுநோ, படுக்கையில் சிறுநீர், தம்பியை அவளே அடிப்பது, இவை தெரிந்தால் அவளைத் திட்ட வேண்டாம். ஆஸ்பத்திரியிலோ பிரதேச செயலகத்திலோ சிறுவர்களோடு வேலை செய்பவர்களிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 1929 சிறுவர்களுக்கான இலக்கம்.

இந்த வாரமே அவளைத் தனியாக உட்கார வைத்து மூன்று விஷயம் சொல்லுங்கள். அப்பா அடிப்பது உன்னாலோ தம்பியாலோ இல்லை. சண்டை வந்தால் நீ நடுவில் வரக் கூடாது, தம்பியைக் கூட்டிக்கொண்டு அம்மம்மாவிடம் ஓடு. பயமாக இருக்கிறது என்று சொல்வது பிழையில்லை. அப்பா கெட்டவர் என்று சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவளுக்கு அப்பாமேல் பாசமும் இருக்கும், அதை அவள் மறைக்க வேண்டியதில்லை. அடிப்பது பிழை என்று மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

அவர் திருந்துவாரா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுவதும் அந்தக் கேள்வி இருக்கிறது. சிலர் மாறுகிறார்கள். "குடித்துவிட்டேன், மன்னித்துவிடு" என்று அழுவதை நான் மாற்றம் என்று எடுப்பதில்லை. வங்கி அட்டையைத் திருப்பித் தருகிறாரா, போனைக் கேட்காமல் இருக்கிறாரா, குடிக்கு வைத்தியம் பார்க்கத் தானே போகிறாரா, நீங்கள் இல்லை என்று சொன்ன பிறகும் கை கீழே இருக்கிறதா, இதைப் பாருங்கள். அதுவும் ஒரு கிழமை இரண்டு கிழமை போதாது. ஒரு மாரிகாலம் முழுக்கப் பார்க்க வேண்டும். அதுவரை நீங்கள் ஒரே வீட்டில் இருந்துதான் பார்க்க வேண்டும் என்று இல்லை. கட்டளை இருக்கும் காலத்தில் அவர் வெளியே இருந்தும் திருந்தலாம்.

மறுபடி எழுதுவதானால் உங்கள் போனிலிருந்து எழுதாதீர்கள். கந்தோர்க் கணினியோ, கடிதம் அனுப்பிய அந்தச் சிநேகிதியின் போனோ போதும். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.